பாணிப் பதத்தில் தேநீர்

தண்ணீரைத் தடிப்பாக்குவதற்கென்று ஒரு மா உலகத்தில் இருக்கிறது என்பது எனக்கு அறுபது வயதுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அதைத் தேடித் திருகோணமலை டவுன் முழுக்க அலைந்து, கிடைக்காமல், கடைசியில் போனுக்குள் வாங்கினேன். அதற்கு முன்பு போனில் நான் வாங்கியதெல்லாம் பேச்சு மட்டும்தான். மா வந்த பிறகாவது தெளிவு வந்ததா என்றால் அதுவும் இல்லை. எது எதனால் நடந்தது என்று இப்போது நினைத்தாலும் தலை சுற்றுகிறது. ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு மாதிரித் தப்பி வீட்டுக்கு வந்தார். வலது கையும் வலது காலும் சொல் கேட்கவில்லை. பேச்சு, வாய் நிறைய வெற்றிலை வைத்துக்கொண்டு பேசுவது மாதிரிக் குழைந்து வந்தது. பாதி எனக்கு விளங்கும், பாதியை நானே இட்டுக்கட்டிக்கொள்வேன். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து, காற்றுக்கு மேலால் கத்திப் பழகிய மனிதர். அந்தக் குரல் அப்படிச் சுருங்கிப்போனதை என்னால் தாங்க முடியவில்லை. தாங்க முடியாதபோது எனக்கு அழுகையை விடக் கோபம்தான் முந்தி வரும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒருவர், வீட்டுக்கு விடும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். இனிமேல் இவர் தண்ணீர் குடிக்கக்கூடாது என்றார். தேநீர், சூப், பால், இளநீர் எதுவும் நீராகக் குடிக்கக்கூடாது. நீர் வேகமாக ஓடும், அந்த வேகத்தை அவருடைய தொண்டையால் பிடிக்க முடியாது, வயிற்றுக்குப் போகவேண்டியது நுரையீரலுக்குப் போய்விடும், சிலவேளை இருமல்கூட வராது. ஆகவே குடிப்பதை எல்லாம் தடிப்பாக்க வேண்டும். கரண்டியைச் சரித்தால் சீனிப்பாணி விழுவதுபோல் மெதுவாக விழவேண்டும். சோறு கொடுக்கலாமா என்று கேட்டேன். நன்றாகக் குழைத்துக் கொடுக்கலாம் என்றார். சோறு சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கக்கூடாது! நான் அதுவரை கண்ட நோயாளிகள் எல்லாரும் இதற்கு நேர்மாறாகத்தான் இருந்தார்கள்.

கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது.

"அம்மா, அவர் காணுமான அளவுக்குக் குடிக்கேல்ல எண்டால் திரும்பவும் மூக்கால ரியூப் போடவேண்டி வரும்."

அந்தக் குழாயை அவர் வார்ட்டில் பிடுங்கி எறிந்ததையும், அதற்காக அவருடைய நல்ல கையைக் கட்டிலோடு துணியால் கட்டி வைத்ததையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். கட்டிய கையை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. எது எப்படிப் போனாலும் அந்தக் குழாய் மட்டும் திரும்ப வரக்கூடாது என்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த அன்று பின்னேரமே ஒரு விபரீதம் நடந்தது. அவரோடு படகில் வேலை செய்த ஒருவர் பார்க்க வந்தார். பழக்கதோஷம், நான் தேநீர் போட்டுத் தட்டில் கொண்டுவந்தேன். வந்தவர் கோப்பையை எடுக்க முன்பே இவர் இடது கையை நீட்டி எடுத்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டார். பிறகு இருமிய இருமலில் முகம் கறுத்து, கண் வெளியே வந்து, நாங்கள் இரண்டு பேரும் முதுகைத் தடவி முன்னால் சாய்த்து... நல்லகாலம், சமாளித்துக்கொண்டார். அன்றைக்கே நான் ஒரு சட்டம் போட்டேன். இவருக்கு முன்னால் இனி யாருக்கும் தேநீர் கிடையாது. பார்க்க வருகிறவர்களைப் வாசல் படலையடியிலேயே மறித்து, குறை நினைக்க வேண்டாம், அவருக்கு ஆசை வந்துவிடும், வேண்டுமென்றால் குசினிக்குள், அடுப்படிக்கு வந்து குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிடுவேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் குசினிக்குள் வரவில்லை. முன்னறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வாய் நனையாமல் எழுந்து போனார்கள். நான் செய்தது மிகவும் கெட்டித்தனமான காரியம் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

மறுநாள் மாவைத் தேடிக் கிளம்பினேன். பிரதான வீதியில் முதல் மருந்துக்கடையில், தண்ணீரைத் தடிப்பாக்கும் மா இருக்கிறதா என்று கேட்டேன். அங்கே நின்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புப் பக்கற்றை எடுத்து வைத்தார். வயிற்றோட்டம் இல்லை என்றேன். அப்படியானால் மலச்சிக்கலா என்று கேட்டு, உமி மாதிரி இருந்த வேறொன்றை எடுத்து வைத்தார். அடுத்த கடையில் குளுக்கோசு தந்தார்கள். அதற்கடுத்த கடையில் மட்டும் நான் சொல்வது விளங்கியது. முன்பு ஒருவருக்காகக் கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தோம், அவர் மோசம்போய்ச் செத்தவீடு முடிந்த பிறகு எடுப்பதில்லை என்றார்கள். நோயாளியின் மனிசியிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

பலசரக்குக் கடையில் கோன்பிளவர், சவ்வரிசி, ஜெலி, நோன்பு காலத்தில் காய்ச்சும் கடற்பாசி என்று வரிசையாக எடுத்து வைத்து, இதுவும் தடிக்கும்தானே என்றார்கள். தடிக்கும்தான். எல்லாவற்றையும் வாங்கி வந்து காய்ச்சிப் பார்த்தேன். கோன்பிளவர் போட்ட தேநீர் சூட்டில் கூழாக இருந்து, ஆறியதும் களியாகி, கரண்டியில் எச்சில் பட்டதும் மறுபடியும் தண்ணீராகிவிட்டது. ஜெலி வாய்க்குள் வைத்தவுடன் உருகிப்போனது. மிஸ்ஸுக்குப் போன் எடுத்துச் சொன்னபோது, வேண்டாம் அம்மா, அதெல்லாம் ஆபத்து, ஓன்லைனில் தேடிப் பாருங்கோ என்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் நிற்கும் ஊர் இது. அதில் ஒரு கோப்பையைத் தடிப்பாக்க ஊருக்குள் ஒரு வழியும் இல்லை.

நான் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். படிவம் நிரப்புவதில் என்னை வெல்ல ஆள் இல்லை என்று ஒரு எண்ணம் எனக்கு இருந்தது. போன் அந்த எண்ணத்தை ஒரு மத்தியானத்துக்குள் பறித்துவிட்டது. குடிப்பதைத் தடிப்பாக்கும் மா என்று ஆங்கிலத்தில் அடித்தேன். வந்த படங்களில் பாதி கேக்குக்குப் போடும் சாமான். மிச்சத்தில் கொஞ்சம் தலைமயிர் அடர்த்தியாக வளரப் பூசும் எண்ணெய். இரண்டுக்கும் நடுவில் ஒரு டப்பா தெரிந்தது. பாலிலும் கலக்கலாம், தண்ணீரிலும் கலக்கலாம், நன்றாகத் தடிக்கும் என்று அதற்குக் கீழே பலர் எழுதியிருந்தார்கள். அம்மாவுக்கு வாங்கினேன் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். அதை நம்பி ஓடர் செய்தேன். சில நாளில் வாளி அளவில் ஒரு டப்பா வந்து இறங்கியது. அதில் சட்டை போடாத ஒருவன் இரண்டு கையையும் மடக்கிக் காட்டிக்கொண்டு என்னை முறைத்துப் பார்த்தான். உடம்பை ஏற்றுவதற்குக் குடிக்கும் மா. அந்த அம்மாவுக்கு அது எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது முறை, மிஸ்ஸிடமிருந்து சரியான டின்னின் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, போனில் தெரிந்த டின்னோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்து ஓடர் செய்தேன். விலாசம் கேட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் வீட்டு இலக்கங்கள் வரிசையாக இல்லை, கட்டிய ஒழுங்கில் இருக்கின்றன. எங்கள் இலக்கத்துக்கு அடுத்த இலக்கம் மூன்று வீடு தள்ளி இருக்கிறது. அடையாளம் எழுதும் இடத்தில், துறைமுக மதிலுக்குப் பின்னால், ஹாட்வெயார் கடைக்கு முன்னால், பச்சைப் படலை என்று எழுதினேன். அது காணாது, இன்னும் விபரம் தேவை என்று போன் சொன்னது. இன்னும் என்ன விபரம்? படலையில் கறள் பிடித்திருப்பதையும் எழுதவா?

அதற்குப் பிறகு பார்சல் எங்கே நிற்கிறது என்று போன் அறிவித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில், விநியோகத்துக்காக வெளியே வந்துவிட்டது என்றது. படலையைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தேன். டவுனுக்குள் திரியும் மான் ஒன்று குப்பைப் பையை இழுத்துக்கொண்டு நின்றது, வேறு ஒருவரும் இல்லை. மத்தியானம் கூரியர்காரர் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் போனில் கூப்பிட்டார். தம்பலகாமத்தில் நிற்கிறாராம், ரோட்டில் யானையாம், அது போனால்தான் வருவாராம். போனை மறுபடி திறந்து பார்த்தேன். வெளியே வந்துவிட்டது என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது, யானையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பொழுது சாயும் நேரத்தில் டின் வந்து சேர்ந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். இனி எல்லாம் சரிவரும் என்று நினைத்தேன்.

மா நல்ல மாதான். அளவுக் கரண்டியால் போட்டுக் கலக்கி, கொஞ்ச நேரம் வைக்க, பால் விடாத பிளேன்ரீ பாணிப் பதத்துக்கு வந்தது. நிறமும் மாறவில்லை, மணமும் மாறவில்லை. அவருடைய கோப்பையில் ஊற்றி, நிமிர்த்தி இருத்தி, கரண்டியால் ஒரு வாய் கொடுத்தேன். விழுங்கினார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ நான் அவருக்கு வேண்டுமென்றே ஒரு அநியாயம் செய்துவிட்டது மாதிரி ஒரு பார்வை. அதோடு வாயை மூடியவர்தான், திறக்கவில்லை.

நானும் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன். சீனி இருக்கிறது, இஞ்சி இருக்கிறது, சூடு இருக்கிறது. ஆனால் தேநீர் தொண்டையைக் கழுவிக்கொண்டு இறங்கும், இது இறங்க மனமில்லாமல் நாக்கிலேயே குந்திக்கொண்டிருந்தது. அவர் மேல் பாவமாக இருந்தது. என்றாலும் பாவம் பார்த்தால் குழாய் வருமே. தேசிக்காய்த் தண்ணீரில் கலந்தேன், செவ்விளநீரில் கலந்தேன், கொத்தமல்லி அவித்துக் கலந்தேன். கொஞ்சினேன், கெஞ்சினேன், பிறகு ஏசினேன். குழைத்த சோற்றைத் தின்பார், வாழைப்பழம் தின்பார், கோப்பையைக் கண்டால் முகத்தைத் திருப்பிப் படலையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பார்க்க யாராவது வந்திருக்கும்போது கொடுத்தால் இன்னும் மோசம். நல்ல கையால் கோப்பையை அப்படியே தள்ளிவிடுவார். அது வந்தவர் பக்கமாகச் சரிந்து, மேசையில் ஊற்றுப்பட்டு, அவர்களுடைய உடுப்பிலும் படும். ஏதோ குழறிச் சொல்வார், எனக்குப் பிடிபடாது. மூளையில் அடி விழுந்தால் கோபம் கூடுமாம் என்று வந்தவர்கள் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். தேநீர் தேநீர் என்று நாளெல்லாம் குடித்த மனிதர், இன்று தேநீரையே தள்ளுகிறார் என்றால் வேறு எப்படி விளங்கிக்கொள்வது?

போனில் மா வாங்கிய கடையின் பக்கத்தில், கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று ஒரு பெட்டி இருந்தது. கணவர் குடிக்க மறுக்கிறார், என்ன செய்யலாம் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: அவருக்கு மிகவும் பிடித்த பானத்தில் கலந்து கொடுங்கள். மிகவும் பிடித்ததில்தான் கலந்தேன், அதைத்தான் வேண்டாம் என்கிறார் என்று எழுதினேன். எங்களோடு தொடர்புகொண்டதற்கு நன்றி என்று பதில் வந்தது.

அவருடைய உதடு வெடிக்கத் தொடங்கியது. சிறுநீர் கறுத்துப்போனது. மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அவர் நிறையக் கேள்வி கேட்டார். திங்கட்கிழமை கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள், டொக்டர் பார்த்து முடிவு செய்வார் என்றார். என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த மனிதருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் ஒன்றாக இருந்தும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நாங்கள் நானா என்று கூப்பிடும் முன்வீட்டு முஸ்லிம் பெரியவர் வந்தார். ஹாட்வெயார் கடை அவருடையதுதான்; கீழே கடை, மேலே வீடு. என் கணவரும் அவரும் வயசுக்காலம் முழுக்க ஒன்றாகக் கதைத்துக் கழித்தவர்கள். இவருக்குப் பாரிசவாதம் வருவதற்குச் சில நாள் முன்புதான் உம்ராவுக்கு மக்காவுக்குப் போனார், அப்படியே கட்டாரில் இருக்கும் மகனோடு நின்றுவிட்டு அன்றுதான் ஊர் திரும்பியிருந்தார். ஒரு கையில் பேரீச்சம்பழம், மறுகையில் சின்னப் போத்தலில் ஸம்ஸம் தண்ணீர். எங்கள் ஒழுங்கையில் மக்கா போய் வருகிற யாரும் எல்லா வீட்டுக்கும் அதில் கொஞ்சம் கொடுப்பார்கள், நாங்களும் அவர்கள் செய்வதுபோல் எழுந்து நின்று குடிப்போம். போத்தலைக் கண்டதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. அதுவும் தண்ணீர்தானே! வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அதற்குள் அந்த மாவைப் போடலாமா, போட்டால் பாவமா, பாவம் என்றால் அது யாருடைய கணக்கில் சேரும்? தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன்.

"அது கெட்டுப்போற தண்ணி இல்ல, தங்கச்சி. அலுமாரிக்குள்ள வைங்க. தம்பிக்கு ஏலுமானா பொறகு குடிக்கட்டும்" என்றார் நானா.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அதோடு அவர் விடவில்லை. என் கணவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து, இத்தனை நாளாக நல்ல ஒரு பிளேன்ரீக்கு ஏங்கிப்போனேன், சாயமாக ஒன்று போடுங்கள் என்றார். படலையடியில் மறிக்காமல் விட்டது என் பிழைதான். கண்ணால் சாடை காட்டினேன், அவருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் போய், குசினிக்கு வாங்கோ நானா, அங்கே தருகிறேன் என்று மெல்லச் சொன்னேன். குசினிக்கா என்று அவர் உரக்கவே கேட்டார். எங்கள் வீட்டுக்கு எத்தனையோ வருடமாக வந்துபோகிற மனிதர், ஒரு நாளும் குசினி வாசல்படி மிதித்ததில்லை. என்னையும் பார்த்தார், இவரையும் பார்த்தார்.

என் கணவரின் தேநீர் சின்ன மேசையில் ஆறிப்போய் இருந்தது. அவர் நல்ல கையை நீட்டி அந்தக் கோப்பையை மெதுவாகத் தள்ளினார். இதோ தொடங்கிவிட்டார், இனி நானா உடுத்திருந்த வெள்ளைச் சாரமெல்லாம் பழுதாகப் போகிறது என்று நான் துணியை எடுக்க ஓடினேன். திரும்பிப் பார்க்கும்போது, நானா அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி வாயில் வைத்துக்கொண்டிருந்தார். தம்பி தருகிறார், வாங்கினேன் என்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. வேண்டாம் நானா, அது அவருடையது, அதற்குள் மா கிடக்கிறது என்று நான் சொல்லி முடிக்க முன்பே ஒரு வாய் உள்ளே போய்விட்டது. அவருடைய முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். கண் சுருங்கி, தாடி ஒரு பக்கமாக இழுபட்டு, கழுத்து நீண்டு, கடைசியில் விழுங்கிவிட்டார். விழுங்கிவிட்டு, நல்லா இரிக்கு என்று பொய்யும் சொன்னார்.

என் கணவர் சிரித்தார். பாதி முகத்தால் சிரித்தாலும் அது சிரிப்புத்தான். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நான் அதைக் காணவில்லை.

"தங்கச்சி, அவருக்கு எங்க?" என்று நானா கேட்டார்.

குசினிக்குள் வந்து கேத்தலை அடுப்பில் வைத்தேன். என் கணவர் தனக்கென்று ஒரு தேநீர் கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நானா வந்தால், மின்சார மீற்றர் பார்க்கிறவர் வந்தால், மீன்காரர் சைக்கிளை நிறுத்தினால், வீடு மாறி வந்து வழி கேட்கிறவன் வந்தால்கூட, முன்னறையிலிருந்து சத்தம் வரும், ரெண்டு தேத்தண்ணி என்று. எப்போதும் இரண்டு. வந்தவரைத் தனியே குடிக்க விடக்கூடாது என்பதற்காகக் கூடவே குடித்தார், அப்படி நாளுக்கு எத்தனையோ குடித்தார். அதைத்தான் நான் தேநீர்ப் பைத்தியம் என்று நினைத்து, ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவர் அன்று தட்டிலிருந்து கோப்பையை எடுத்ததும் ஆசையால் அல்ல, வந்தவரோடு கூடக் குடிக்கத்தான். அதற்குப் பிறகு அவருடைய வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அவருடைய கண்ணுக்கு முன்னால் வெறும் வாயோடு இருந்துவிட்டு எழுந்து போனார்கள். அந்த அறையில் இருந்ததே ஒரு கோப்பை. அதைத்தான் அவர் அவர்கள் பக்கம் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார். நான் துணியை எடுத்துக்கொண்டு வந்து துடைத்துவிட்டு, கோபம் கூடிப்போய்விட்டது என்று அவருக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். குழாயை விட, கட்டிய கையை விட, அந்த வெட்கம் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கும். கேத்தல் கொதித்ததும் இறக்கினேன்.

இரண்டு கோப்பை கொண்டுபோனேன், ஒன்றில் மா, மற்றதில் இல்லை. நானா இரண்டையும் எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கும் அதே மாதிரிப் போட்டுத் தரச் சொன்னார். அவர் ஒரு வாய், இவர் ஒரு கரண்டி. அவர் கட்டார் வெயிலைப் பற்றிச் சொல்ல, இவர் குழறலாக ஏதோ கேட்க, அதற்கும் அவர் பதில் சொன்னார். விளங்கிச் சொன்னாரோ, இட்டுக்கட்டிச் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. கோப்பை வெறுமையானது. நான் கேட்காமலே இன்னொன்று கொண்டுபோனேன், அதில் பாதியும் போனது.

அடுத்த நாள் கிளினிக்கில் டொக்டர் அவரைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு கிழமை பார்ப்போம், இப்போதைக்கு ரியூப் வேண்டாம் என்றார். என்னம்மா செய்தீர்கள் என்று மிஸ் கேட்டார். வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள் என்றேன். அவர் அதை எப்படி விளங்கிக்கொண்டாரோ, தலையை மட்டும் ஆட்டினார். வீடு திரும்பியதும் முதல் வேலையாகப் போனைத் திறந்து அதே டின்னுக்கு மறுபடி ஓடர் கொடுத்தேன். இந்தப் பொருளை நீங்கள் அண்மையில்தான் வாங்கினீர்கள், மீண்டும் தேவையா என்று அது கேட்டது. வருகிறவர்களுக்கும் சேர்த்து வேண்டும் என்று சொல்ல அதில் ஒரு பெட்டியும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒருவரும் வரவில்லை. நானா கடை திறந்துவிட்டார், சீமெந்து இறக்கும் சத்தம் கேட்டது. நான் வழக்கம்போல் ஒரு கோப்பை போட்டு, மாவைக் கலக்கி, கரண்டியோடு கொண்டுபோனேன். அவர் குடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிப் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஏசத்தான் வாய் வந்தது. ஏசவில்லை. திரும்பிக் குசினிக்குள் போய் என்னுடைய தேநீரைப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில், பாதி குடித்தபடி இருந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் என் தேநீரை அங்கேதான் குடித்திருக்கிறேன், நின்றபடி, பானை சட்டிக்கு நடுவில், ஒரு வாய் இப்போது, ஒரு வாய் பிறகு. அவர் இரண்டு என்று கூப்பிட்டபோதெல்லாம் இரண்டுதான் கொண்டுபோயிருக்கிறேன். மூன்றாவது ஒன்று போட எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

அதை ஊற்றிவிட்டு எனக்குப் புதிதாக ஒன்று போட்டு, அதிலும் மாவைக் கலக்கிக் கொண்டுபோய், நானா இருந்த கதிரையில் இருந்தேன். அவர் என்னையும் என் கையிலிருந்த கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன்னுடைய கோப்பையை என் பக்கமாகத் தள்ளினார். என்னிடம் இருக்குது, இஞ்சாருங்கோ, என்று காட்டினேன். எனக்கு அழுகை வந்தது, அவர் மேல் கோபமும் வந்தது, இதற்கு இத்தனை வருடமும் ஒரு பாரிசவாதமும் வேண்டியிருந்ததே என்று. ஒரு வாய் எடுத்து விழுங்கினேன். அவர் இடது கையால் கரண்டியை எடுத்துத் தானே ஒரு வாய் குடித்தார்.

குடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். என் கோப்பையைப் பார்த்தார். நான் அடுத்த வாய் எடுத்தேன்.